நாற்பதாவது நிமிடத்தில் அப்பா

க்ரிம்ஸ்பிக்காரர்கள் நாங்கள் காட் மீன் சாப்பிடமாட்டோம். உங்களுக்கு இது தெரிந்திருக்கும் மேடம், பேச்சைக் கேட்டால் நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தான். எங்கள் துறைமுகத்தில் காட் மீனைக் கப்பலிலிருந்து இறக்குவோம், ஐஸ் போடுவோம், ரயிலேற்றி லண்டனுக்கு அனுப்புவோம். வீட்டுக்குக் கொண்டுபோவது ஹேடக் மீன். இரண்டும் வெள்ளைச் சதைதான். மாவில் முக்கி மாட்டுக் கொழுப்பில் பொரித்துக் கொடுத்தால் லண்டன்காரனுக்கு எது எதுவென்று தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டு வாசனையை மட்டும் காட்டினாலும் சொல்லிவிடுவார். "காட் கடலடியில கெடக்குற குப்பையத் திங்குற மீனு. புடிக்கிறது நம்ம வேலை, திங்குறது அவங்க தலையெழுத்து" என்பார்.

வேனில் கிடந்த கைத்தடியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் மீனில் தொடங்காமல் தடிக்குப் போனால் உங்களுக்குப் புரியாது.

என் வக்கீல் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம் என்கிறார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். ஆனால் ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பேசாமல் இருந்ததில்லை. என் பிழைப்பு அது.

அப்பா வில்ஃப் மம்பி மீன் இறக்கும் தொழிலாளி. மரக்கட்டைச் செருப்பு, கையில் கொக்கி, முதுகில் ஈரம். ஐஸ்லாந்துக்காரர்கள் வெளிநாட்டுக் கப்பல் மீன் பிடிக்கக் கூடாது என்று தங்கள் கடலை மூடிக்கொண்டபோது எங்கள் கப்பல்கள் துருப்பிடித்து நின்றன. அப்பா மீன் உறைய வைக்கும் ஆலைக்குப் போனார். பதினாறு வயதில் நானும் அதே ஆலையில் அவர் பக்கத்தில் நின்று தோல் உரித்தேன். அந்த வேலையில் குளிர் வெளியிலிருந்து வராது, எலும்புக்குள்ளேயே குடியேறிவிடும். பேருந்தில் பெண்கள் எழுந்து வேறு இருக்கைக்குப் போவார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் மீன் மீன்தான்.

ஆலையில் ஒருநாள் ஃபோர்மேன் அப்பாவிடம், "வில்ஃப், இந்தக் கதவுகிட்ட நில்லு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டார். குளிர்கிடங்கின் கதவு அது. அடுத்த ஷிஃப்ட்காரர்கள் வந்து பார்த்தபோது அப்பா மீசையெல்லாம் வெள்ளையாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். "நிக்கச் சொன்னாரு, நின்னேன்" என்றார். அவர் அப்படித்தான். முதலாளி வந்து எழுப்பாவிட்டால் சவப்பெட்டியிலிருந்துகூட எழுந்திருக்கமாட்டார் என்று ஆலையில் சொல்வார்கள்.

நான் மேடையில் சொன்ன முதல் நகைச்சுவை இதுதான். தொழிலாளர் கிளப்பில், பிங்கோ ஆட்டத்துக்கு முன்னால். அந்தக் கூட்டத்தை உங்கள் மேலதிகாரிகள் யாரும் சமாளிக்கமாட்டார்கள். பகலெல்லாம் பெட்டி தூக்கியவர்கள், பிங்கோவில் ஏதாவது விழுமா என்று சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்ததும் கிளப் செயலாளர் மைக்கைப் பிடுங்கினார். "தம்பி, கொஞ்சம் பொறு. கறி அடைச்ச மீட்-பை சூடா வந்திருக்கு, வாங்கறவங்க வாங்கிக்கங்க." பாதிக் கூட்டம் எழுந்து போயிற்று. மீதிப் பாதிக்கு அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முன்வரிசையில் பியர் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மீட்-பையோடு திரும்பி வந்தவர்களும் என்ன, என்ன என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து அப்பாதான் என் சரக்கு.

அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு கிளப்புகள், விடுமுறை முகாம்கள், ராட்டர்டாம் போகும் கப்பல்கள் என்று பாதி ஆயுள் ஓடியது. கப்பலில் வாந்தி எடுக்கிற கூட்டத்தைக்கூடச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் லண்டனில் ஒருவனுக்கும் என் பெயர் தெரியாது.

அப்புறம் பிலிப்பா வந்தாள். என் ஏஜென்ட். ஒரு பெட்டியைக்கூடத் தூக்காத கைகள். ஆனால் ஒரு மனிதனைத் தூக்கி எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவள். ஆகஸ்டில் எடின்பரோவுக்குப் போ என்றாள். நாட்டிலுள்ள நகைச்சுவைக்காரர்கள் எல்லோரும் அந்த மாதம் அங்கே கூடுவார்கள். நிலவறை, மாணவர் விடுதி, கழிப்பறை கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதுவும் மேடைதான். ஆளுக்கு ஒரு மணி நேரம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து ஆள் பிடிப்பார்கள். என் ஒரு மணி நேரத்தை அவளுக்குச் செய்துகாட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாம் நல்லாருக்கு க்ளென். ஆனா யாருமே சாகலையே."

"சிரிக்க வெக்கிற ஷோதானே பிலிப்பா."

"சிரிக்க வெச்சதுக்கு யாருப்பா பரிசு குடுக்கறா? நாற்பதாவது நிமிஷத்துல ஒரு சாவு வேணும். அஞ்சு நிமிஷம் அழ விடணும், அப்புறம் திரும்பச் சிரிக்க வெக்கணும். போன வருஷம் ஜெயிச்சவனுக்கு அம்மா. அதுக்கு முந்தி ஒருத்தனுக்கு அண்ணன். உனக்கு யாரு இருக்கா?"

"அம்மா ஒரு லாரிக்காரனோட பீட்டர்பரோ போயிட்டா. நல்லாருக்கா."

"அப்பா?"

"அவரும் நல்லாருக்காரு."

"ச்சே" என்றாள் பிலிப்பா. உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டாள்.

நான் யாரையும் ஏமாற்றக் கிளம்பவில்லை. ஒரு மதுக்கடை மாடியில் ஒத்திகை. முப்பது பேர் இருப்பார்கள். நாற்பதாவது நிமிடத்தில், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அறை அமைதியானது. மேடம், எனக்கு மௌனம் தெரியும். கிளப்பில் மௌனம் என்றால் பிங்கோ எப்போது என்று அர்த்தம். இது வேறு மௌனம். ஒரு பெண் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, நான் பேசுவதற்காக ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

அடுத்த ஒத்திகையில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆகஸ்டுக்குள் செத்துவிட்டார்.

அந்தக் கட்டத்தை நாடே மனப்பாடமாகச் சொல்லும். சாகக் கிடக்கிற அப்பா மீனும் சிப்ஸும் கேட்கிறார். மகன் மழையில் ஓடுகிறான். கடையில் வரிசை. வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அப்பா இல்லை. மகன் கட்டில் ஓரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து அந்த மீனைச் சாப்பிடுகிறான். ஏன் என்று நர்ஸ் கேட்கிறாள். "ஆறிப்போயிடும்மா. அப்பாவுக்கு வீணாக்கினா பிடிக்காது." அந்த இடத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வரும். கட்டிய கை பிரியாமல் உட்கார்ந்திருந்த விமர்சகர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள்.

என்ன மீன் என்ற கேள்வி வந்தது. ஹேடக் என்றுதான் எழுதியிருந்தேன். "காட்னு சொல்லு. ஹேடக்னா லண்டன் பக்கத்துக்காரங்க ஒரு நொடி யோசிப்பாங்க, அழுகை நின்னுடும்" என்றாள் பிலிப்பா. காட் என்றே சொன்னேன். தொழில் சம்பந்தப்பட்ட முடிவு, அவ்வளவுதான்.

பரிசு கிடைத்தது. தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்ச்சி கிடைத்தது. 'காலி நாற்காலி'. நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் அம்மா பார்த்திருப்பார். பெரிய மனிதர்களும் சாதாரண மனிதர்களும் வந்து தங்கள் வீட்டில் செத்தவர்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். நான் நடத்துவேன். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அது அப்பாவுடையதாகவே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு ஆசை. போலி நாற்காலி கேமராவில் தெரிந்துவிடும், இந்த நிகழ்ச்சிக்கு உண்மைதான் முக்கியம் என்றார். இரண்டு ஆட்களோடு ஊருக்குப் போனேன். அவர்கள் தூக்கும்போது அப்பா காலுறையோடு கூடத்தில் நின்றார்.

"டேய், அதுல உக்காந்துதான்டா நான் டீவி பாக்குறேன்."

"புதுசு வாங்கித் தரேன்பா. பட்டன அமுக்கினா தானா கால தூக்கிவிடும்."

"என் கால நானே தூக்கிக்குவேன், போடா."

வந்த ஆட்களில் ஒருவன் என்னிடம் மெதுவாக, பெரியவர் யார் என்று கேட்டான். சித்தப்பா என்றேன்.

ஊரில் இது தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் தெரியும். அதுதான் லண்டன்காரர்களுக்குப் புரியாத விஷயம். எங்கள் கிளப்பில் வாரம் ஒரு நகைச்சுவைக்காரன் தன் மாமியாரைக் கொன்று புதைப்பான். அந்த மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து மீட்-பை தின்றுகொண்டிருப்பாள். மேடையில் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறவன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. வில்ஃப் மகன் டீவியில் ஒரு வேடம் கட்டுகிறான், லண்டன்காரன் பணம் கொடுக்கிறான், கொடுக்கட்டும் என்றார்கள். அப்பாவுக்கும் அதில் கொஞ்சம் பெருமை. மதுக்கடையில் நுழைந்ததும் கடைக்காரி மோரீன் சத்தம் போடுவாள்.

"யோவ் வில்ஃப், உன் மவன் இப்பத்தான் உன்னப் பொதைச்சிட்டுக் கண்ணத் தொடச்சான். அதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்டியே. என்ன குடிக்கிற?"

"வழக்கமானதுதான். ஆனா செத்தவன்கிட்ட காசு கேக்காத மோரீன், பாவம் வந்து சேரும்."

"செத்தும் உனக்கு ஓசிப் பழக்கம் போகலயே."

நானே பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை நிகழ்ச்சியில் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது.

அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் அதில்தான் முடிப்பார். "பொதைச்சது பரவால்லடா. காட் கேட்டேன்னு ஏண்டா சொன்ன? துறைமுகத்துல ஒருத்தன் பாக்கியில்லாம கேக்குறான், சாகுற நேரத்துல காட் கேட்டியாமேன்னு." அடுத்த முறை திருத்துகிறேன் என்பேன். திருத்த முடியவில்லை. அதற்குள் சமையல் துண்டிலெல்லாம் அந்த வசனத்தை அச்சடித்து விற்றுவிட்டார்கள்.

ஆறாவது வருடம் நேயர்கள் நிதி திரட்டி, கடற்கரை ஊர்களில் என் அப்பா பெயரில் பெஞ்சு போட்டார்கள். 'வில்ஃப் மம்பியின் நினைவாக. கொஞ்சம் உட்காருங்கள், யாரையாவது நினையுங்கள்.' க்ளீதோர்ப்ஸ் கடற்கரையிலும் ஒன்று. அது அப்பா வீட்டுக்குப் பக்கம். தேக்குப் பலகை. அவருக்கு அந்தப் பெஞ்சு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மத்தியான வேளையில் ஹேடக்கும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு, தன் நினைவாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அங்கேதான் விஷயம் கெட்டது. விடுமுறைக்கு வந்த லண்டன் பத்திரிகைக்காரன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பலகையிலிருந்த எழுத்தைப் படித்துப் பெருமூச்சு விட்டிருக்கிறான். அப்பா அவனுக்கு ஒரு சிப்ஸ் நீட்டி, "அது நாந்தான்" என்றிருக்கிறார். அவன் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு முகவரி கேட்டான். புகைப்படக்காரனோடு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

நான் செவ்வாய்க்கிழமை ஒளிப்பதிவை முடித்துவிட்டு, புதன்கிழமை காலையில் வேன் எடுத்துக்கொண்டு போனேன். வேனில் அப்பாவின் பழைய நாற்காலி இருந்தது. புதிய தொடருக்கு விளம்பரப் படம் எடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். அதை வைத்து நீங்கள் வேறு கணக்குப் போடுகிறீர்கள். போடுங்கள். நான் முதலில் பேசிப் பார்க்கத்தான் போனேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கி அவன வர வேணாம்னு சொல்லிடுப்பா."

"ஏண்டா? டீக்குக் கேக்கெல்லாம் வாங்கிட்டேன்."

"நீ உயிரோட இருக்கிறது தெரிஞ்சிடும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான? நான் உன்ன விட்டுக் குடுப்பேனா? எம்மவன் தமாசு பண்ணான், நல்ல தமாசு, மீனு மட்டும் தப்புன்னு சொல்லப்போறேன். பேப்பர்ல வந்தாத்தான நாலு பேருக்குத் தெரியும்."

"ஸ்பெயின்ல ஒரு வீடு பாத்துத் தரேன். வெயில்ல கால் வலி போயிடும்."

"அங்க ஹேடக் கெடைக்குமா?"

கிடைக்காது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்குப் பொய் வராது.

நான் என்னைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த நிகழ்ச்சியை நம்பி விளக்குப் பிடிக்கிறவர்கள், ஒப்பனைக்காரர்கள், வேன் ஓட்டுகிறவர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள். டண்டீயில் ஒரு விதவை, புருஷன் போன பிறகு முதன்முதலாக உங்கள் அப்பா சாவைக் கேட்டுத்தான் சிரித்தேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் போய், அம்மா, அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல முடியுமா? ஒரு பக்கம் ஒரு நாடு. இன்னொரு பக்கம், விழுந்து முறிந்த இடுப்பெலும்பு ஒட்டாமல் தடியூன்றி நடக்கும், எண்பதை நெருங்கும் ஒரு மனிதர், நாட்டைப் பொறுத்தவரை ஏற்கெனவே செத்துப்போனவர். நிதானமாக யோசித்தால் நீங்களும் என் முடிவுக்குத்தான் வருவீர்கள். கொஞ்சம் தாமதமாக வருவீர்கள்.

கடற்கரைக்குப் போகலாம் என்றேன். விளம்பரப் படத்தில் நீயே நடி, முதுகு மட்டும் தெரியும், யாருக்கும் அடையாளம் தெரியாது என்றேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டார். தலை வாரிக்கொண்டார். முதுகு மட்டும்தான் தெரியும் என்று சொல்லியும் சவரம் செய்துகொண்டார்.

நவம்பர் மாதம், வேலைநாள். கரையில் ஒரு நாய்கூட இல்லை. கடல் உள்வாங்கி மணல் மைல் கணக்கில் கிடந்தது. அந்தக் கரை உங்களுக்குத் தெரியும். தண்ணீர் முன்னாலிருந்து வராது. பின்னாலுள்ள ஓடைகளில் முதலில் ஏறும். நடுவில் நிற்கிறவன் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுப்பக்கம் வழி போய்விடும். ஆமாம், அலைநேரத்தைக் காலையில் கைபேசியில் பார்த்தேன். அந்தக் கரைக்குப் போகிற யாரும் பார்ப்பார்கள். அப்பாவும் எப்போதும் பார்ப்பார். அன்று நான் இருந்ததால் பார்க்கவில்லை.

மீன்பெட்டி இழுக்கும் தள்ளுவண்டியில் நாற்காலியை வைத்து இழுத்தேன். அவர் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

"இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வரியே, கப்பல்ல ஏத்தி ஐஸ்லாந்துக்கு அனுப்பப் போறியா?"

"படத்துல கடல் கிட்ட தெரியணும்பா."

"பரவால்ல, தள்ளுவண்டி இழுக்க மறக்கல நீ. டீவிக்குப் போய் கை மெத்துன்னு ஆயிருக்கும்னு நெனச்சேன்."

நாற்காலியை மணலில் வைத்தேன். உட்கார்ந்தார். ஆறு வருடம் கழித்து உட்கார்ந்தார். உடம்பு தானாகவே பழைய பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆங்" என்றார். நான் அவருக்குக் கொடுத்ததிலேயே அவருக்குப் பிடித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

"கேமரா வேன்ல இருக்கு. அங்கேர்ந்து தூரப் பார்வையில எடுப்பேன். நீ கடலையே பாரு. திரும்பாத. ஆடாத. நான் கூப்பிடுற வரைக்கும்."

"சரி முதலாளி."

"தடியக் குடு. படத்துல நல்லா இருக்காது."

கொடுத்தார். கொடுக்கும்போது, "இந்தத் தடவ மீன ஒழுங்காச் சொல்லு" என்றார்.

தடி வேனுக்கு வந்தது அப்படித்தான். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது.

தனியாக வேனுக்குத் திரும்பும் வழியில் கரையோரக் கடையில் மீனும் சிப்ஸும் வாங்கினேன். வேனில் உட்கார்ந்தேன். கேமரா என்று ஒன்று இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். தூரத்தில் நாற்காலி ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளிக்குமேல் இன்னொரு புள்ளி, அவர் தலை. அசையவில்லை. எவ்வளவு நல்ல நடிகர் என்று நினைத்தேன். நான் வேலை செய்த பெரிய நடிகர்களுக்கெல்லாம் மூக்கு அரிக்கும்.

ஓடையில் தண்ணீர் ஏறியது. அவருக்குப் பின்னால் வெள்ளிப் பட்டைபோல ஒன்று மின்னியது, அப்புறம் அகலமானது. அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் முன்பக்கமும் வந்தது. இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். தானே தூக்கிக்கொண்டார். ஒரு தடவை கையை உயர்த்தினார். அப்போதுகூட முகத்தைத் திருப்பவில்லை, படம் கெட்டுவிடுமே என்று. கப்பல் ஏதாவது போயிருக்கும், அதற்குக் கையசைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் மூடுபனி வந்தது.

கத்தினாரா என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. கண்ணாடியை யார் ஏற்றினார்கள் என்று அப்புறம் கேட்பீர்கள். நான்தான்.

கூப்பிடும் வரை உட்கார் என்று சொல்லியிருந்தேன். கூப்பிடவில்லை. செய்தது இவ்வளவுதான். நான் அவர்மேல் கை வைக்கவில்லை. மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருக்கும். அவருக்கு வீணாக்கினால் பிடிக்காது.

இரண்டு நாள் கழித்து உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் லண்டனில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். சின்னப் பையன், நிகழ்ச்சியின் ரசிகர்போலத் தெரிந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடுமாறினார். "சார், உங்க... காலஞ்சென்ற அப்பா... காலமாயிட்டாரு" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அதற்கு வேறு எப்படிச் சொல்வது?

பிலிப்பாவுக்கு நானே சொன்னேன். "ரெண்டாவது தடவையா?" என்றாள். அப்புறம், துக்கத்தில் மனம் பிசகிப் பொய் சொன்னாய் என்று ஓர் அறிக்கை விடலாம், மக்கள் மன்னிப்பார்கள், இதில் ஒரு புத்தகம் இருக்கிறது என்றாள். அவளுக்குக் கடற்கரை விஷயம் தெரியாது. தெரிந்திருந்தாலும் புத்தகம் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். கொஞ்சம் தடித்த புத்தகம்.

மோரீன்தான் உங்களுக்குத் தகவல் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். புதன்கிழமை அப்பா சவரம் செய்த முகத்தோடு, மகன் படம் எடுக்கக் கூட்டிப்போகிறான் என்று கடை வாசலில் நின்று அவளிடம் சொன்னார். நான் வேனை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "டேய் க்ளென், இன்னிக்கி எப்படிக் கொல்லப்போற உங்கப்பன?" என்று கத்தினாள். மூவரும் சிரித்தோம்.

ஆகவே, ஆமாம். தடி இல்லாமல் அந்த நாற்காலியிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் சொன்னால் எழுந்திருக்கமாட்டார் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் என் முதல் சிரிப்பையே வாங்கினேன்.

ஒன்று கேட்கலாமா மேடம்? தடியைக் கொடுத்தார் என்று நான் சொன்னபோது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு பேனாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தீர்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பேச ஆரம்பித்து ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நான் திட்டமிடவில்லை, தானாக அங்கேதான் வந்து விழுகிறது. அதற்குப் பிறகு கான்ஸ்டபிள் தடுமாறிய இடத்தில் உங்கள் உதடு லேசாக அசைந்தது. இல்லை என்று சொல்லாதீர்கள். எனக்குக் கூட்டத்தைத் தெரியும்.

சிறையிலும் ஒரு மேடை இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஏதாவது நடத்துவார்கள். மழையில் ஓடி, வரிசையில் நின்று, கட்டில் ஓரம் உட்கார்ந்து, எல்லாம் அப்படியே செய்வேன். ஆனால் இந்த முறை ஹேடக் என்றே சொல்லப்போகிறேன், கூட்டம் ஒரு நொடி யோசித்தாலும் பரவாயில்லை. அப்பா என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான், அதை நான் செய்யாமல் விடமாட்டேன்.